பயணமும் தவக்குலும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் நம் இல்லங்களில் பயணப் பேச்சும் வந்துவிடுகிறது. வேன் ஒன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு, முதியவர் முதல் கைக்குழந்தை வரை ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படுகிறோம். கீழக்கரையிலிருந்து ஊட்டி என்றால் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். "இரவே கிளம்பிவிட்டால் ஒருநாள் அறை வாடகை மிச்சம்" என்கிறார் ஒருவர். "டிரைவர் பகலெல்லாம் வண்டி ஓட்டியவராயிற்றே" என்று இன்னொருவர் தயங்கினால், "அல்லாஹ் பார்த்துக்கொள்வான், தவக்குல் வையுங்கள்" என்று அவர் வாயை அடைத்துவிடுகிறோம்.

சகோதரர்களே! இந்தச் சொல் ஈமானிலிருந்து பிறக்கிறதா, அல்லது அறை வாடகையை மிச்சம் பிடிக்கும் ஆசையிலிருந்து பிறக்கிறதா? விதிக்கப்பட்டது நடந்தே தீரும் என்று நம்புகிறவனுக்கு முன்னெச்சரிக்கை எதற்கு?

கத்ரும் காவலும்

ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டு அல்லாஹ்வை நம்பலாமா என்று வினவியவரிடம், முதலில் அதைக் கட்டு, பிறகு நம்பு என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் விடையளித்த செய்தி திர்மிதியில் உள்ளது. இதை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டு வருகிறோம்.

கி.பி. 639-ஐ ஒட்டி ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியது. அங்கே சென்றுகொண்டிருந்த கலீபா உமர் (ரலி) அவர்கள், ஸர்க் என்னும் இடத்தில் செய்தி அறிந்து, தம்முடன் வந்தவர்களைத் திரும்பச் சொன்னார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்று கலீபா விளக்கினார்கள். ஆபத்தும் அவன் ஏற்பாடு. அதிலிருந்து விலகும் வழியும் அவன் ஏற்பாடே. இரண்டில் ஒன்றை மட்டும் விதி என்று சொல்வது எப்படி நியாயமாகும்?

யாருடைய உயிர்?

இதைவிட ஆழமான கேள்வி ஒன்று உண்டு. ஒட்டகத்தைக் கட்டாதவன் தன் சொந்த ஒட்டகத்தைத்தான் இழப்பான். உறக்கம் மிகுந்த ஓட்டுநரை விரட்டி ஓட்டச் சொல்கிறவனோ எதைப் பணயம் வைக்கிறான்? மடியில் உறங்கும் மழலையின் உயிரை, மனைவியின் உயிரை, எதிரே சைக்கிளில் வரும், முகமறியாத ஒரு தொழிலாளியின் உயிரை. அவர்களில் யாரிடம் அவன் அனுமதி பெற்றான்?

பிறருடைய உயிரைப் பணயம் வைத்துவிட்டு அதற்குத் தவக்குல் என்று பெயர் சூட்ட முடியாது. அது அமானத்தில் செய்யும் மோசடி. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலைகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. தமிழ்நாட்டில் மட்டும் 17,884 பேர். அத்தனையையும் விதியின் தலையில் போட்டுவிட்டால், வேகத்திற்கும் மதுவுக்கும் உறக்கத்திற்கும் கேள்வி கணக்கே இல்லாமல் போய்விடும்.

ஓட்டுநரின் ஹக்கு

ஹிஜ்ரி 7-இல் கைபரிலிருந்து திரும்பிய படை, இரவின் பிற்பகுதியில் இளைப்பாற இறங்கியது. சுப்ஹுக்கு எழுப்பும் பொறுப்பை பிலால் (ரலி) அவர்கள் ஏற்றார்கள். கிழக்கு நோக்கி ஒட்டகத்தில் சாய்ந்தபடி காத்திருந்தவர்களையும் உறக்கம் ஆட்கொண்டது. வெயில் சுட்ட பிறகே எல்லாரும் விழித்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் பிலாலைத் தண்டிக்கவில்லை. பிலாலையே வென்ற உறக்கத்தை, நாம் அமர்த்திய ஓட்டுநர் ஒரு குவளை தேநீரால் வென்றுவிடுவார் என்று நம்புவது அறிவுடைமையா?

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு விநாடியில் 22 மீட்டர் கடக்கிறது. மூன்று விநாடி கண் அயர்ந்தால், 66 மீட்டருக்கு மேல் அந்த வண்டியை ஓட்டுபவர் எவருமில்லை. நள்ளிரவுக்குப் பின் விடியும் வரையிலும், மதிய உணவுக்குப் பின்னும் உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடும். மோட்டார் தொழிலாளர்களுக்காக 1961-இல் இயற்றப்பட்ட சட்டம், நாளொன்றுக்கு 8 மணி நேர வேலை என்றும், 5 மணி நேரத்திற்கு மேல் தொடர்ந்து வேலை வாங்காமல் அரைமணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்றும் வரையறுத்தது. ஓட்டுநர் எந்த மதத்தவராயினும் இது அவருடைய ஹக்கு. நாம் கம்பளிக்குள் உறங்க, மலைக்குளிரில் வண்டியின் இருக்கையில் அவரைச் சுருண்டு கிடக்கவிட்டு, மறுநாள் அவர் கையில் நம் குடும்பத்தை ஒப்படைக்கிறோம். அவருக்கு ஒரு படுக்கை கொடுப்பது தர்மமல்ல, கடன்.

அமீரின் கடமை

மூவர் பயணம் சென்றாலும் ஒருவரை அமீராக்கிக்கொள்ள வேண்டும் என்பது நபிவழி. அமீர் என்பவர் முன் இருக்கையில் அமர்ந்து அதிகாரம் செய்பவரல்லர். பின் இருக்கையில் இருப்பவரின் சொல்லப்படாத தேவையை அறிபவர். கழிப்பிடம் கிடைக்குமோ என்ற அச்சத்தால் நம் பெண்கள் பயண நாளெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை. தலைவலியும் நீர்க்கடுப்பும் அதனால் வருபவை. கூச்சத்தால் அவர்கள் கேட்கமாட்டார்கள். கேட்கும் முன்பே நல்ல இடம் பார்த்து நிறுத்துவதுதான் கண்ணியம்.

பிள்ளையை மடியில் வைத்து முன்னால் அமர்வது பாசமன்று. மோதலின்போது பெற்றவரின் கனமே பிள்ளையை நசுக்கிவிடும். 14 வயதுக்கு உட்பட்டவரைப் பாதுகாப்புப் பட்டையோ குழந்தை இருக்கையோ இன்றி ஏற்றிச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் கூறுகிறது. அபராதத்திற்கு அஞ்சியா நாம் பிள்ளையைக் காக்க வேண்டும்?

இரவில் சமைத்துக் கட்டிய இறைச்சிச் சோற்றை மறுநாள் நண்பகலில் உண்பது வயிற்றுப்போக்கை விலைக்கு வாங்குவதாகும். அப்படி நேர்ந்துவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து, சிறுகச் சிறுகக் கொடுக்கலாம். சர்க்கரை நோயுள்ள பெரியவர்களின் உணவு நேரம் தவறக் கூடாது. இன்சுலினை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுவிடக் கூடாது. பிள்ளைகளையோ ஒருபோதும் விட்டுச் செல்லவே கூடாது.

தொழுகையும் அவசரமும்

"வக்து போய்விடும், விரட்டு" என்று ஓட்டுநரை நெருக்குவோரும் உண்டு. முஸாபிருக்கு நான்கு ரக்அத்தை இரண்டாகச் சுருக்கித் தந்த மார்க்கம், வேகத்தையா கேட்கிறது? ஷாபிஈ மத்ஹபினர் ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம்; ஹனபிகள் ளுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் தொடக்கத்திலும் தொழுதால் ஒரே நிறுத்தத்தில் இரண்டும் நிறைவேறும். தொழுகைக்காக வண்டி நிற்கும் அந்தக் கால்மணி நேரமே ஓட்டுநருக்கு ஓய்வு. வண்டியைச் சாலையோரத்தில் நிறுத்தாமல் உள்ளே தள்ளி நிறுத்துங்கள். இரவில் பாதையை விட்டு விலகித் தங்குமாறு நாயகம் (ஸல்) அவர்கள் வழிகாட்டியதாக முஸ்லிம் கிரந்தத்தில் வந்துள்ளது.

இவ்வளவும் செய்த பின்னரும் விபத்து நேரலாம். அப்போது "இது அவன் நாட்டம்" என்று பொறுமை கொள்ள நமக்கு உரிமையுண்டு. கட்ட வேண்டியதைக் கட்டியவனின் நாவில்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

வல்ல ரஹ்மான் நம் பயணங்களை ஸலாமத்தாக்கி, நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட உயிர்களைப் பேணும் தௌபீக்கை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.