மனிதத் தோல் என்பது யாருடைய தோல்?

உயிர்களை அறிவின் அடிப்படையில் வகுத்த தொல்காப்பியர், ஓரறிவு முதல் ஆறறிவு வரையான வரிசையில் தொட்டு உணரும் அறிவையே முதலாவதாக வைத்தார். புல்லும் மரமுங்கூட அவ்வறிவை உடையன என்பது அவர் கொள்கை. அவ்வறிவிற்கு இடமான உறுப்பைத் தமிழர் 'மெய்' என்றனர். உடல் என்பதும் உண்மை என்பதும் அச்சொல்லுக்குரிய பிற பொருள்களாம். உலகம் மனிதனைத் தீண்டும் இடமும், அத்தீண்டல் பொய்யன்று என அவன் அறியும் இடமும் தோலே என்பதை இச்சொல்வழக்கு உணர்த்துகின்றது.

இற்றைநாள் விஞ்ஞானமும் தோலைப் பெரிதும் ஆராய்ந்துள்ளது. ஓர் இரசாயனம் தோலை அரிக்குமா, ஒரு மருந்து அதனூடே குருதியிற் கலக்குமா, உடலிற் பொருத்தப்படும் மருத்துவக் கருவியொன்று அழற்சியை உண்டாக்குமா என்னும் வினாக்களுக்கு அது விடை கூறுகின்றது. அவ்விடைகளில் எல்லாம் 'மனிதத் தோல்' என்னும் சொற்றொடர் வருகின்றது. அது யாருடைய தோல் என்பது ஆய்வுகூடத்தின் வினா அன்று, அறவியலின் வினா. இரத்தினபுரி மாவட்டத்து நிவித்திகலப் பகுதியின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களை மனத்திற் கொண்டு நோக்கின் அவ்வினாவின் கூர்மை புலப்படும்.

முதற்கண் தோலின் இயல்பை அறிதல் வேண்டும். அதன் மிகப் புறத்தேயுள்ள படை ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு அல்லது இரு பங்கு தடிப்பே கொண்டது. உயிரற்ற தட்டையான கலங்கள் செங்கற்களைப் போன்று அடுக்கப்பட்டிருக்க, அவற்றிடையே கொழுப்புப் பொருள் சாந்து போன்று நிரம்பியுள்ளது. மூலக்கூற்றுத் திணிவு 500 ஐ விஞ்சிய பொருள்கள் இச்சுவரைக் கடத்தல் அரிது. அதனினும் சிறியனவும் கொழுப்பிற் கரைவனவும் எளிதிற் கடக்கும். உடலின் எல்லாப் பகுதியிலும் சுவர் ஒரே தன்மையதன்று. ஹைட்ரோகோட்டிசோன் என்னும் மருந்தைக் கொண்டு 1967 இல் வெளியான ஆய்வில், முன்கையிலும் பார்க்க நெற்றியில் ஆறு மடங்கும், விதைப்பையின் தோலில் நாற்பது மடங்குக்கு மேலும் ஊடுருவல் காணப்பட்டது. தோல் நனைந்து ஊறினாலும், கீறுண்டாலும், வெப்பத்தால் வியர்த்தாலும் பெரும்பாலான பொருள்களுக்கு வழி அகலும்.

நிவித்திகல ஈரவலயத்தில் அமைந்த ஊர். இரத்தினபுரிப் பிரதேசத்தில் ஆண்டுதோறும் 3,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும். அங்குத் தொழிலாளியின் தோல் உலர்ந்திருக்கும் நாள்கள் சில. தேயிலைச் செடியின் கவாத்து வெட்டிய கிளைகள் காலைக் கீறும். அட்டை கடித்த வாயிலிருந்து குருதி நெடுநேரம் கசியும். இறப்பர்ப் பாலை உறைய வைக்கும் போமிக் அமிலம் விரலிடுக்கில் எரியும். களைகொல்லி நிரப்பிய கருவியை முதுகிற் சுமந்து செல்பவனுக்கு, மூடி இறுகாத கருவியாயின், கசியும் நீர் முதுகு வழியே இடுப்பிற்கு இறங்கி ஆடையை நனைக்கும். அத்தொழிலைத் தோட்டத்தார் 'மருந்தடித்தல்' என்று வழங்குவர். நோயைத் தீர்ப்பதற்கும் களையைக் கொல்வதற்கும் வழக்கில் ஒரே சொல் அமைந்துவிட்டது. தோலும் அவ்விரண்டையும் பிரித்தறிவதில்லை. 1979 இல் அமெரிக்காவில் முதன்முதலாக அனுமதி பெற்ற, உடலில் ஒட்டும் மருந்துப் பட்டை எவ்வழியால் குமட்டலைத் தணித்ததோ, அதே வழியாற்றான் நஞ்சும் உட்செல்கின்றது.

இனி, அளவையும் ஆளையும் ஒப்பிட்டு நோக்கலாம். பரக்குவாட் என்னும் களைகொல்லி இலங்கைத் தோட்டங்களில் நெடுங்காலம் பயன்பட்டது. மனிதரின் கையிலும் காலிலும் முன்கையிலும் அதனைத் தடவி நிகழ்த்திய ஆய்வொன்று 1984 இல் வெளியாயிற்று. உட்சென்ற அளவு நூற்றுக்கு அரை வீதத்திலும் குறைவு என்பது அதன் முடிபு. அம்முடிபு பொய்யன்று. ஆயினும் அது ஊறுபடாத தோலைப் பற்றிய உண்மை. புண்பட்ட தோல்வழியே அந்நஞ்சு புகுந்து உயிரிழந்தோரைப் பற்றிய மருத்துவக் குறிப்புகளும் உள்ளன. ஆய்வுகூடத்தின் தோலுக்குரிய எண்ணைக் கவாத்து மலையின் தோலுக்கு அப்படியே சூட்டும்போது, எண் மாறாமலே அதன் பொருள் பொய்யாகிவிடுகின்றது.

இவ்வறிவு பெறப்பட்ட வழியும் சிந்திக்கற்பாலது. பிலடெல்பியா நகரின் ஹோம்ஸ்பேர்க் சிறையில் 1951 முதல் 1974 வரை தோல் மருத்துவர் அல்பேட் கிளிக்மன் கைதிகளின் உடலில் சோதனைகள் நடத்தினார். அழகுப் பொருள்கள் முதல் டயொக்சின் என்னும் கொடிய நஞ்சு வரை அவர்கள் தோலில் இடப்பட்டன. கைதிகளுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். பென்சில்வேனியாப் பல்கலைக்கழக மருத்துவபீடம் 2021 இலும், நகர நிருவாகம் 2022 இலும் அதற்காக மன்னிப்புக் கோரின. கலிபோர்ணியாவின் வக்கவில் சிறையில் 1960 களிலும் 1970 களிலும் குறைந்தது 2,600 கைதிகள் உட்படுத்தப்பட்ட சோதனைகளுக்காக சான் பிரான்சிஸ்கோவிலுள்ள கலிபோர்ணியாப் பல்கலைக்கழகமும் 2022 இல் மன்னிப்புக் கோரியது. பீடைகொல்லிகளைத் தோலில் இடுதல் அச்சோதனைகளுள் ஒன்று. மனமொத்த சம்மதமே முதல் நிபந்தனை என்று நூரெம்பேர்க் நெறிமுறை 1947 இலேயே விதித்திருந்தது. கைதிக்குச் சிறு தொகை கொடுக்கப்பட்டது. அவன் கையொப்பமும் இட்டான். மறுக்க வழியற்ற இடத்திற் பெறும் கையொப்பம் சம்மதமாகாது என்பதை உலகம் பின்னரே ஒப்புக்கொண்டது.

அவ்வநீதிக்கு விஞ்ஞானமே ஒரு மாற்றையும் கண்டது. அறுவைச் சிகிச்சையில் எஞ்சிய தோலின் கலங்களை வளர்த்துப் பல படைகள் கொண்ட மேற்றோல் இழையத்தை ஆய்வுகூடத்தில் ஆக்குகின்றனர். அதன்மேல் இரசாயனத்தை இட்டு, கலங்களுள் எத்தனை வீதம் உயிர்த்திருக்கின்றன என்று அளக்கின்றனர். பாதிக்கு மேல் மாண்டால் அப்பொருள் தோலை உறுத்துவது எனக் கொள்ளப்படும். இம்முறையைப் பொருளாதார ஒத்துழைப்பு அபிவிருத்தி நிறுவனம் 2010 இல் ஏற்றது. மருத்துவக் கருவிகளுக்கான சர்வதேச நியமமும் 2021 இல் இதனைச் சேர்த்துக்கொண்டது. முயலும் கைதியும் இதனால் விடுதலை பெறுவது உண்மையான அறவளர்ச்சி என்பதில் ஐயமில்லை. எனினும் இவ்விழையம் வியர்ப்பதில்லை. இதனை அட்டை கடிப்பதில்லை. இருபது ஆண்டு மழையில் இது நனைவதுமில்லை. சோதனைக்கு ஆளாவோன் பக்கத்து அநீதி நீங்கிற்று. சோதனையின் பயனைப் பெறாதவன் பக்கத்து அநீதி எஞ்சி நிற்கின்றது.

இவ்விடத்து இரு மறுப்புகள் எழலாம். விஞ்ஞானம் பொதுமையை நாடுவது. ஒவ்வொருவர் காயத்தையும் கணக்கிட்டால் அளவையே இயலாது என்பது முதலாவது. இதில் நியாயம் உண்டு. பாதுகாப்பெல்லையை வகுப்போர் இதன்பொருட்டே பத்து மடங்கும் நூறு மடங்கும் இடைவெளி விடுகின்றனர். ஆயினும் அவ்விடைவெளி கையுறையும் நீள்காலணியும் உடனே கழுவ நீரும் கிடைக்கும் என்னும் எதிர்பார்ப்போடு சேர்ந்தது. புட்டியின் சிட்டையில் 'கையுறை அணிக' என்று அச்சிட்டவுடன் பொறுப்பு ஆலையிலிருந்து தொழிலாளியின் கைக்கு மாறிவிடுகின்றது. கையுறைமட்டும் வந்து சேருவதில்லை. புழுக்கத்தில் உடல்மூடிய உடையுடன் மலையேற இயலுமா என்று சிட்டை வினவுவதுமில்லை.

தொழிலாளி கூலிக்கு உடன்பட்டே அவ்வேலையைச் செய்கின்றான் என்பது இரண்டாவது மறுப்பு. அவன் வாழும் லயன் அறை தோட்டத்துக்குரியது. அவன் முன்னோரின் குடியுரிமையை 1948 ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. எஞ்சியிருந்த நாடற்றோருக்கு அது கிடைக்க 2003 வரை செல்லவேண்டியிருந்தது. வேலையை மறுத்தால் வீட்டையும் இழக்க நேருமோ என்று அஞ்சுபவனின் உடன்பாட்டைக் கைதியின் கையொப்பத்தோடு முற்றும் ஒப்பிடுதல் மிகையாகலாம். முற்றும் வேறானது எனலும் பொருந்தாது.

சட்டங்களின் வரலாறும் இதையே கூறுகின்றது. இலங்கையில் பரக்குவாட் 2008 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. நஞ்சருந்தி இறப்போர் தொகையைக் குறைத்தலே அதன் நோக்கம். அது உயரிய நோக்கமே. தொழிலாளியின் தோல் அதனாற் காக்கப்பட்டது உடன்விளைந்த நன்மை. சிறுநீரக நோய் பற்றிய அச்சத்தால் கிளைபோசேட் 2015 இல் தடுக்கப்பட்டது. 2018 இல் அத்தடை தளர்த்தப்பட்டபோது, தேயிலைக்கும் இறப்பருக்குமே தளர்வு கிடைத்தது. களை மிகுந்தமையும், பதிலாக இட்ட களைகொல்லியின் எச்சம் பற்றி யப்பானியக் கொள்வோர் எழுப்பிய ஆட்சேபமும் அதற்குக் காரணங்களாயின. இலையில் எஞ்சும் நுண்ணளவுக்குக் கொள்வோன் எல்லை வகுத்து நாட்டின் கொள்கையையே அசைக்கின்றான். அவ்விலையைத் தொட்ட தோலுக்காக அத்தகைய வலிமையுடன் வினவுவோர் எவர்?

கையுறையின் கதை இன்னும் தெளிவானது. எயிட்சு நோய் பரவியபின், 1987 முதல் மருத்துவமனைகளில் இறப்பர்க் கையுறைகளின் பயன் பன்மடங்காயிற்று. இறப்பர்ப் பாலின் புரதங்கள் மருத்துவர், தாதியர் பலருக்கு ஒவ்வாமையை உண்டாக்கின. கையுறையில் இட்ட மாவுத்தூள் அப்புரதத்தைக் காற்றிலும் பரப்பியது. நோய் ஆராயப்பட்டது, புரதம் குறைந்த கையுறைகள் ஆக்கப்பட்டன, 2017 இல் அமெரிக்கா தூளிட்ட மருத்துவக் கையுறைகளைத் தடைசெய்தது. நோயுற்ற கைக்கு அறிவும் சட்டமும் துணைநின்றால் எத்துணை மாற்றம் கூடும் என்பதற்கு இது நற்சான்று. அக்கையுறைக்கு வேண்டிய பாலை விடியலில் மரத்தை வெட்டிச் சேர்ப்பதும் ஒரு கை. அது பெரும்பாலும் வெறுங்கை.

ஓர் உண்மையை அறிந்தவுடன் அதற்குரிய கடமையும் பிறக்கின்றது. தோல் எவ்வாறு நஞ்சை ஏற்கும் என்பது இன்று அறியப்பட்டுவிட்டது. ஆதலால் அறியாமை இனிச் சாட்டாகாது. ஈரமும் காயமும் உள்ள தோலையே அளவுக்கு அடிப்படையாக்குதல், கசியாத கருவி தருதல், மருந்தடிக்கும் மலையிலேயே கழுவ நீர் வைத்தல், தொழிலாளியின் மொழியில் அபாயத்தை உரைத்தல், மறுப்பவனின் வேலையையும் வீட்டையும் காத்தல் ஆகியன பெருஞ்செலவின அல்ல. இவற்றைச் செய்தபின்னரே 'மனிதத் தோல்' என்னும் சொல் நிவித்திகலத் தொழிலாளியின் தோலையும் உள்ளடக்கும். அதுவரை அச்சொல் எல்லோரையும் சுட்டுவதுபோல் தோன்றிச் சிலரை மட்டுமே சுட்டும். மெய் என்று பெயர்பெற்ற உறுப்பைப் பற்றிய அறிவிலே அத்தகைய பொய் நிலைத்தல் தகாது.