வியாழக்கிழமைச் செபமாலை

எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் செபமாலை. பாட்டி சுவரில் சாய்ந்து, வலிக்கிற காலை நீட்டி உட்கார்ந்திருப்பாள். நாங்கள் 'தூய மரியே' என்போம். அவள் 'அர்ச்சியசிஷ்ட மரியாயே' என்பாள். எங்களுக்கு 'இறைவன்', அவளுக்குச் 'சர்வேசுரன்'. பழைய சொற்கள் நீளம். ஒவ்வொரு மணியிலும் அவளுடைய ஆமென் கொஞ்சம் பிந்தித்தான் வரும். அதுவரை அப்பா அடுத்த மணியைத் தொடமாட்டார்.

மாற்றிக்கொண்டால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "வெளுத்த சேலையத்தான் தூய்மைன்னு சொல்லுதோம். மாதாவுக்கும் அதே சொல்லாய்யா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

மாற்றமே வேண்டாம் என்கிறவளும் இல்லை அவள். 1963 டிசம்பரில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் திருவழிபாட்டு ஏட்டை வெளியிட்டது. அதைத் தொடர்ந்து லத்தீன் பூசை தமிழுக்கு வந்தது; பீடத்தைப் பார்த்து நின்ற சாமியார் மக்கள் பக்கம் திரும்பினார். பூசை திருப்பலியானது, ஞானஸ்நானம் திருமுழுக்கானது. சாமியார் சொல்வது விளங்கியதில் பாட்டிக்கு ஒரே சந்தோஷம். மாதாவின் பட்டத்தில் மட்டும் யாரையும் கைவைக்க விடவில்லை.

அவள் சொல்லும் 'சர்வேசுரனும்' ஒருநாள் புதிதாக வந்ததுதான். 1578இல் கொல்லத்தில், அன்றீக்கே அன்றீக்கசு அடிகளாரின் 'தம்பிரான் வணக்கம்' தமிழ் எழுத்தில் அச்சானது. அதில் கடவுளுக்குப் பெயர் தம்பிரான். 1606இல் மறைபரப்ப மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்ற குருவானவர் சர்வேசுரன் என்று எழுதினார். தம்பிரானைக் கூப்பிட்டே பழகிய எவளோ ஒரு கிழவி, அந்த வடமொழிச் சொல் நாக்கில் புரளாமல் பேரனிடம் முறையிட்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன். நினைக்க நினைக்க, இரண்டு கிழவிகள் மேலும் பிரியம்தான் கூடுகிறது.

பாட்டியை நிஜமாகவே கலங்கவைத்தது 2002 அக்டோபர். திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் செபமாலையில் ஒளியின் மறைபொருள்கள் ஐந்தைச் சேர்த்து, அவற்றுக்கு வியாழக்கிழமையைக் கொடுத்தார். அதுவரை வியாழன் சந்தோஷ தேவ இரகசியங்களின் நாள். "மாதா வியாழக்கெழம சந்தோசமா இருக்கக் கூடாதாக்கும்?" என்று பல வாரம் முனகினாள்.

அந்த ஐந்தில் ஒன்று, மலைமேல் இயேசுவின் தோற்றம் மாறியது. முகம் ஒளிர்கிறது, பக்கத்தில் மோசேயும் எலியாவும். பேதுரு உடனே மூன்று கூடாரம் போடுகிறேன் என்கிறார். தாம் சொல்வது இன்னதென்று தெரியாமல் சொன்னார் என்கிறார் லூக்கா. எனக்கென்னவோ, அவ்வளவு தெளிவாக வேறெப்போதும் பேதுரு பேசியதாகத் தெரியவில்லை. நல்லது ஒன்று வாய்த்துவிட்டால் அதற்குக் கூரை போடத்தானே நமக்கும் தோன்றுகிறது? பிள்ளைகள் சின்னவர்களாயிருந்த வீடு, நோய் வராத உடம்பு, பழகிய கோயில்மணி. இயேசு அவரைக் கடிந்துகொள்ளவில்லை; கூடாரம் போடவும் இல்லை. கீழே இறங்கினார்கள். அடிவாரத்தில் வலிப்பில் துடிக்கிற மகனோடு ஒரு தகப்பன் நின்றுகொண்டிருந்தான். மேலேயே தங்கியிருந்தால் அவன் காத்துக்கொண்டே இருந்திருப்பான்.

இதையெல்லாம் பாட்டிக்கு நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்கமாட்டாள். அவள் தன் வழியில் வந்து சேர்ந்தாள். ஒரு வியாழன் இரவு தங்கை இரண்டாம் மறைபொருளைச் சொன்னாள்: கானாவூர்த் திருமணம். பாட்டி கண்ணைத் திறந்தாள்.

"கலியாண வீடா? அங்க மாதா உண்டுல்லா?"

"உண்டு பாட்டி. ரசம் தீந்துபோச்சுன்னு முதல்ல கண்டுபிடிச்சதே அவங்கதான்."

"அவளுக்குத்தான் தெரியும். பந்தியில குறைஞ்சா பொம்பளைக்குத்தான் தெரியும்." சிரித்தாள். "அப்ப வியாழக்கெழமையும் சந்தோசந்தான்."

அடுத்த வாரத்திலிருந்து அந்த இரண்டாவதை அவளே சொல்லித் தொடங்கினாள், 'இரண்டாம் தேவ இரகசியம்' என்று பழைய பெயரிலேயே. பிறகு பத்து மணியும் அர்ச்சியசிஷ்ட மரியாயேதான். நாங்கள் ஆமென் சொல்லி முடித்தோம். அப்பா மணியைப் பிடித்தபடி காத்திருந்தார்.