வேகப்போகும் கட்டைக்குப் பல் எதற்கு?

"வேகப்போற கட்டைக்கு இன்னாத்துக்கு வாத்தியாரே ரூட் கெனால்?"

எங்கள் தெருப் பெரியவர் கேட்ட கேள்வி. கடைவாய்ப் பல் குடைந்து கன்னம் வீங்கியிருக்க, கிராம்பை அடக்கிக்கொண்டு கேட்டார். நெற்றி நிறையத் திருநீறு பூசும் மனிதர். மணவூர்க்காரர்களான எங்களுக்கு ரயிலில் அடுத்த ஸ்டேஷன் திருவாலங்காடு. சுடுகாட்டில் ஆடுகிறவனின் இரத்தின சபை அங்கேதான் இருக்கிறது. காரைக்கால் அம்மையார் பேயுருவில் அவன் திருவடிக்கீழ் அமர்ந்து பாடியதும் அங்கேதான். "அம்மையே வேணாம்னு உதறின ஒடம்பு இது. இதுக்குப் போயி செலவு பண்ணச் சொல்றியா?" என்றார்.

இந்தக் கேள்வியைப் பல் டாக்டரிடம் தள்ளிவிட முடியாது. சமயத்தை முன்வைத்துக் கேட்டவருக்குச் சமயத்திலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும். முப்பது வருஷத்துக்கு மேல் தமிழ் நடத்தியவன் என்ற துணிச்சலில் சொல்லிப் பார்க்கிறேன்.

அம்மையார் எதை உதறினார்? கணவனுக்காகச் சுமந்த அழகை. அவன் விலகிய பிறகு அந்தத் தசைப்பொதி வேண்டாம் என்று இறைவனிடம் கேட்டுப் பேய் வடிவம் பெற்றார் என்கிறார் சேக்கிழார். வாயை அவர் உதறவில்லை. ஆலங்காட்டின் மேல் இரண்டு பதிகம் பாடியது அந்த வாய்தான். அவர் பாட்டில் வரும் பெண்பேய்க்குக் கண் குழிந்திருக்கும், வயிறு ஒட்டியிருக்கும், பல் மட்டும் நீண்டிருக்கும். சதையெல்லாம் வற்றிய பிறகும் பல் நிற்கிறது.

காளத்தி மலை எங்களுக்கு எல்லை தாண்டினால் வந்துவிடும். கண்ணப்பர் வில்லும் இறைச்சியும் கைகளை அடைத்துக்கொள்ள, திருமஞ்சன நீரை வாயில் முகந்து வந்தார். எச்சில் என்று சிவகோசரியார் பதறினார். அந்த நீர் கங்கையினும் புனிதமானது என்று இறைவன் அவர் கனவில் வந்து சொன்னான். அன்பிருந்தால் வாய் எப்படியிருந்தாலும் போதும் என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு. எனக்குத் தோன்றுவது வேறு. இறைச்சியைப் பல்லால் அதுக்கிப் பார்த்து, பதமானதை மட்டும் படைத்தவர் அவர். பொக்கை வாய் வேடன் ஒருவன் அந்தத் தொண்டைச் செய்திருக்க முடியாது.

இன்னொன்று, இலக்கண வாத்தியாருக்கு மட்டும் உறைப்பது. தொல்காப்பியத்தின் பிறப்பியல், பல்லும் உதடும் சேரும்போது வகரம் பிறக்கிறது என்கிறது. முன்பல் போனவர் ‘சிவ’ என்று சொல்லிப் பார்க்கட்டும், ‘வேல்’ என்று சொல்லிப் பார்க்கட்டும். காற்றுதான் வரும். மனசுக்குள் சொன்னாலும் சாமி கேட்பார், சந்தேகமில்லை. ஆனால் வாய்விட்டுப் பாடுவதையே வழிபாடாகக் கொண்ட தமிழ்ப் பக்தியில், பல் பூஜைச் சாமானில் சேர்ந்தது.

பெரியவர் விடவில்லை. "அப்போ வேல் காக்கும். கவசத்துல அதான் சொல்லியிருக்குது" என்றார். தணிகை மலைக்குக் கிருத்திகை தவறாமல் படியேறுகிறவர். கந்த சஷ்டி கவசம் அவருக்கு மனப்பாடம். தேவராய சுவாமிகள் அதில் வாய்க்கு ஒரு வேல், முப்பத்திரண்டு பல்லுக்கு ஒரு வேல், நாவுக்கு ஒரு வேல் என்று தனித்தனியாகக் காவல் கேட்கிறார். உடம்பு வெறும் குப்பை என்றால் இவ்வளவு காவல் எதற்கு? ஒன்றைக் காக்கச் சொல்லி வேண்டும்போதே அது காக்கத் தக்கது என்று ஒப்புக்கொள்கிறோம். வீட்டைத் திறந்துபோட்டுவிட்டு வாசலில் காவலுக்கு ஆள் கேட்கலாமா?

ஆடிக்கிருத்திகைக்குக் கன்னத்திலும் நாக்கிலும் அலகு குத்திக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். நேர்ந்துகொண்டு உடம்பைக் கொடுப்பது காணிக்கை. கவனிக்காமல் அழுகவிடுவது சோம்பல். சோம்பலுக்கு வைராக்கியம் என்று பெயர் வைக்கக் கூடாது.

உடம்பை விட்டவன் நான் என்று பெரியவர் சொன்னபோது அவர் மனம் எங்கே இருந்தது? அந்த ஒரு கடைவாய்ப் பல்லில். திருநீறு பூசும்போதும் அங்கே, தீபாராதனையிலும் அங்கே. பல்வலிக்காரனைப் போல் உடம்பில் ஒட்டிக்கிடப்பவன் எவனும் இல்லை. உடம்பை மறந்து சாமியை நினைக்க வேண்டுமானால், உடம்பு தன்னை நினைவூட்டாத அளவுக்காவது அதைப் பேண வேண்டும். முதலில் உடம்பை இழிவென்று எண்ணி, பிறகு உள்ளே உத்தமன் இருப்பதைக் கண்டு பேணத் தொடங்கினேன் என்று திருமூலர் சொல்வதும் இதற்குப் பக்கத்தில்தான் வருகிறது.

பேணுவது பெரிய தவமில்லை. விடியலில் குச்சியால் பல் துலக்கிவிட்டுத் தெய்வத்தைத் தொழச் சொல்கிறது ஆசாரக்கோவை. அதோடு இரவுத் துலக்கலையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் பக்கம் கரும்பும் உண்டு, திருவாலங்காட்டில் சர்க்கரை ஆலையும் உண்டு. பல்லில் ஒட்டிய இனிப்பை வாயிலுள்ள கிருமிகள் அமிலமாக்க, அந்த அமிலம் பல்லின் மேல்பூச்சை அரிக்கிறது. தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால் ராத்திரியில் அரிப்பு தடையில்லாமல் நடக்கும். பஞ்சாமிர்தமாக இருந்தாலும் கிருமிக்குப் பேதமில்லை. சர்க்கரை நோய் இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கஷ்டம். உதட்டுக்குள் புகையிலை அடக்குகிறவர்களுக்கு வாய்ப் புற்றுநோய் ஆபத்து.

ஆகவே சஷ்டி விரதக்காரர்களுக்கும் கிருத்திகைக்காரர்களுக்கும் என் வேண்டுகோள் இது. படுக்கும் முன் ஒருமுறை பல் துலக்குங்கள். புகையிலையை விடுங்கள். வாயில் வந்த புண் இரண்டு வாரத்தில் ஆறவில்லை என்றால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். கையில் பணமில்லை என்றால் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்குங்கள். 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி அங்கே பக்கத்தில்தான் இருக்கிறது. கவசம் சொல்லிக்கொண்டே போங்கள்.