கிணற்றடியில் விடிந்த பொழுது

தாங்கலில் உகப்படிப்பு முடிந்ததும் ஒரு தாயார் கண்கலங்கிச் சொன்னார்: "சின்ன வயசில் தலைப்பாகை கட்டி முன்னால் வந்து நிற்பான் அண்ணாச்சி. கல்லூரிக்குப் போனபிறகு நம்பிக்கையே இல்லை என்கிறான். நாமம் இடவும் மாட்டேன் என்கிறான். நான் என்ன பிழை செய்தேன்?"

இந்த வேதனை பல வீடுகளில் உண்டு. காஞ்சிபுரத்தை ஒட்டிய செவிலிமேட்டில் சாலைக்கிணறு இருக்கிறது. அதன் வரலாறு இதற்கு மருந்து.

1017-ல் பிறந்த இராமானுசர், இளவயதில் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டார். குரு சொன்ன பொருளை அவர் மனம் ஏற்கவில்லை, மறுத்துப் பேசினார். சீடனின் கேள்வியைக் குருவால் தாங்க முடியவில்லை. காசி யாத்திரை என்று அழைத்துப்போய்க் கங்கையில் தள்ள நினைத்தார் என்று குருபரம்பரை சொல்கிறது. தம்பி முறையான கோவிந்தர் எச்சரிக்க, இராமானுசர் விந்தியக் காட்டில் தனியே நின்றார். நம்பிய குருவும் இல்லை, வழியும் இல்லை.

அப்போது ஒரு வேடனும் வேடுவச்சியும் துணையாக நடந்தார்கள். 'நீ ஏன் குருவை எதிர்த்தாய்?' என்று அவர்கள் கேட்கவில்லை, கூடவே நடந்தார்கள். இரவில் வேடுவச்சிக்குத் தாகம். விடிந்ததும் இராமானுசர் கிணற்றில் இறங்கி, கையால் அள்ளி மூன்றுமுறை நீர் கொடுத்தார். மீண்டும் அள்ளி வந்தபோது இருவரையும் காணோம். நின்ற இடமோ காஞ்சி! வந்தவர்கள் வரதரும் தாயாரும் என்று உணர்ந்தார். பிறகு அந்தக் கிணற்று நீரையே நாள்தோறும் பெருமாளுக்குச் சுமந்தார். பின்னாளில் யாதவப்பிரகாசரே அவருக்குச் சீடரானார்.

மக்களே, அவர் இழந்தது ஒருவர் சொல்லின்மேல் இருந்த நம்பிக்கை. உண்மையின்மேல் இருந்த தாகம் போகவில்லை. திரும்பக் கிடைத்ததும் வாதத்தில் அல்ல, தாகித்தவருக்குத் தண்ணீர் கொடுத்த இடத்தில்.

நம் அய்யாவும் கிணற்றடியில்தானே பாடம் சொன்னார்? பொதுக்கிணற்றை நெருங்கவே விடாத காலத்தில், சுவாமித்தோப்பு முத்திரிக்கிணற்றில் எல்லாச் சாதியாரையும் ஒன்றாக நீராட வைத்தார். பள்ளியறையில் கண்ணாடி இருக்கிறது. சந்தேகத்தோடு வந்து நிற்கும் பிள்ளையின் முகத்தையும் அது காட்டத்தான் செய்கிறது.

காஞ்சி நெசவாளர் பழைய பாவு தீரும்போது தறியை உடைப்பதில்லை. பழைய இழையோடு புது இழையை ஒவ்வொன்றாகப் பிணைக்கிறார்கள். பொறுமை வேண்டிய வேலை அது. பிள்ளைப் பருவத்து நம்பிக்கை தீருவதும் அப்படித்தான். "அய்யா தண்டிப்பார்" என்று மிரட்டினால் இழை அறும்.

ஆகவே தாய்மாரே, வேடுவரைப்போல் கூட நடங்கள். நாமம் இடச்சொல்லி வற்புறுத்தாமல், அன்னதர்மத்துக்குத் தண்ணீர் ஊற்ற மகனை அழையுங்கள். வந்தால் மகிழுங்கள், வராவிட்டாலும் அவனுக்கு வைக்கும் சோற்றில் அன்பு குறைய வேண்டாம்.

தம்பிமாரே, கேள்வி கேளுங்கள். தாகத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அய்யா உண்டு!