வரப்பில் வாழும் நரியும் நமது அணுவிரதமும்



வந்தவாசி, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் பகுதிகளில் உள்ள நம் ஊர்கள் பெரும்பாலும் உழவை நம்பி வாழ்ந்தவை. பொழுது சாயுமுன் உணவை முடித்துத் திண்ணையில் அமர்ந்த நம் முன்னோர், ஏரிக்கரைப் பக்கம் நரி ஊளையிடுவதைக் கேட்டவாறே உறங்கச் சென்றனர். இன்று ஊர்ப்புறத்துக் கரம்புகள் வீட்டுமனைகளாகிவிட்டன. புதரும் மேடும் அழிந்தன. நரி தெருவுக்கு வந்துவிட்டது என்று முறையிடும் நாம், தெருவே அதன் இருப்பிடத்திற்குச் சென்றதை எண்ணுவதில்லை.

நரி என்றதும் தந்திரம், வஞ்சகம் என்னும் சொற்களே நாவில் வருகின்றன. சிறுவர் கதைகள் செய்த கேடு இது. ஜினாகமம் அவ்வாறு நோக்கவில்லை. நரி ஐம்பொறிகளும் மனமும் வாய்ந்த விலங்குகதி உயிர். அத்தகைய உயிர் நற்காட்சி பெறுதற்கும், விரதங்களை ஏற்று ஐந்தாம் குணஸ்தானம் வரை உயர்வதற்கும் உரியது என்பது நம் ஆசாரியர் துணிபு. தேவர்கள் நான்காம் குணஸ்தானத்திற்கு மேல் ஏற இயலாது என்பதையும் இங்கே நினைவிற்கொள்ள வேண்டும்.

பிரீதிங்கர குமாரரின் வரலாறு நம்மில் பலர் அறிந்ததே. முற்பிறப்பில் அவர் ஒரு நரி. சாகரசேன முனிவரை வணங்க ஊரார் வாத்திய முழக்கத்துடன் வந்து மீண்டனர். பிணத்தை இட்டுச் சென்றனர் போலும் என்று கருதிய நரி, தின்னும் ஆசையோடு அங்கு வந்தது. அதன் பக்குவத்தை உணர்ந்த முனிவர் அறம் உரைத்தார். நரி இரவில் உண்ணாமை என்னும் விரதத்தை ஏற்றது. பின்னர் ஒரு நாள், தாகம் மிகுந்து நீர் அருந்தக் கிணற்றுள் இறங்கியது. உள்ளே இருள். பொழுது போயிற்று என்று எண்ணி நீரைத் தொடாமல் மேலேறியது. மேலே வெயில். மீண்டும் இறங்கியது, மீண்டும் இருள். இவ்வாறு ஏறியும் இறங்கியும் உழலும்போதே கதிரவன் மறைந்தான். விரதம் கெடாமலே அந்நரி உயிர் துறந்தது. மின்விளக்கு எரிகிறதே என்று இரவு ஒன்பது மணிக்கு இலை போடும் நம்மவர் சிலர் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.

சுகுமால முனிவரின் வரலாற்றிலும் ஒரு நரி வருகிறது. உச்சயினியில் செல்வத்தில் வளர்ந்த அவருடைய மெல்லிய பாதங்கள், துறவு பூண்டு நடந்தபோது குருதி சிந்தின. அக்குருதியைத் தொடர்ந்து வந்த பெண்நரி, தியானத்தில் இருந்த முனிவரைக் குட்டிகளோடு மூன்று நாட்கள் காலிலிருந்து தொடங்கித் தின்றது. அவர் அசையவில்லை. இதைச் சொல்லி, நரி கொடியது என்று முடிப்போர் உளர். அவர்கள் கதையை நடுவிலிருந்து கேட்டவர்கள். முன்னொரு பிறப்பில் அவர் தம் தமையன் மனைவியைச் சினத்தால் காலால் உதைத்தார்; அக்காலைத் தின்பேன் என்று அவள் சூளுரைத்தாள். பல பிறவிகள் கடந்து அவளே நரியாக வந்தாள். பகை தொடங்கியது ஓர் உதையில்.

இவ்வளவையும் கற்ற நாம் செய்ததைக் கூறவேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாசி மாதம், நம் நிலத்தைக் குத்தகைக்கு உழுதவர் வந்தார். “வரப்பில் நரி வளை தோண்டியிருக்கிறது. மணிலாவைக் கிளறுகிறது, கோழியையும் தூக்குகிறது. மருந்து வைக்கட்டுமா ஐயா?” என்றார். “உங்கள் வசதிப்படி செய்யுங்கள்” என்றோம். அன்று சதுர்த்தசி, நாம் உபவாசத்தில் இருந்தோம். நான்காம் நாள் வரப்போரம் தாய்நரி கிடந்தது. சற்றுத் தொலைவில் ஊர்நாய் ஒன்று. வளையின் வாயிலில் இரண்டு குட்டிகள் நின்றுகொண்டிருந்தன.

மருந்து வைத்தவர் நாமல்லவே என்று மனம் வாதாடியது. கிருதம், காரிதம், அனுமோதனம் என்று மூன்றையும் ஒரே தட்டில் வைத்த சமயத்தில் பிறந்துவிட்டு அவ்வாதத்தை எவ்விடம் சொல்வது? இல்லறத்தார்க்கு விரோதி ஹிம்சை விலக்கப்படவில்லையே என்று ஓர் அன்பர் ஆறுதல் கூறினார். எதிர்த்து வரும் தீங்கைத் தடுக்கும்போது நேர்வது விரோதி. உழும்போது நேர்வது உத்யோகி. சமைக்கும்போதும் பெருக்கும்போதும் நேர்வது ஆரம்பி. இருளில் நஞ்சை வைத்துவிட்டு வீட்டில் உறங்குவது இம்மூன்றிலும் அடங்காது. அது கருதிச் செய்யும் சங்கல்பி. சிராவகன் முதல் அணுவிரதத்தில் முற்றும் விடுவது அதனையே.

நம் பக்கத்தில் வாழ்பவை இருவகை. ஊளையிடுவது பெரிய நரி. வால்நுனி கறுத்து, இரண்டு மூன்று கிலோ எடையே உள்ள சிறியது மற்றொன்று. சேலம் பக்கத்தில் அதனை வங்காநரி என்பர். வயலெலி, கறையான், வெட்டுக்கிளி, நண்டு, இலந்தைப்பழம் ஆகியவை அதன் உணவு. நாம் நஞ்சிட்டு ஒழிக்க முயலும் எலியை அது நாள்தோறும் உண்கிறது. எலிக்கு வைத்த நஞ்சு அதையும் கொல்லும்.

வாழப்பாடி வட்டாரத்தில் பொங்கல் நாட்களில் இவ்வங்காநரியை வலையிட்டுப் பிடித்து, வாயைக் கட்டி, ஊர்வலம் விட்டுப் பின் விடுவிக்கும் வழக்கம் உண்டு. நரிமுகத்தில் விழித்தால் நன்மை என்னும் நம்பிக்கையே காரணம். கொல்லும் எண்ணம் அவர்களுக்கு இல்லை. ஆயினும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். வனத்துறையினர் தண்டம் விதித்துள்ளனர். தத்துவார்த்த சூத்திரம் அஹிம்சையின் அதிசாரங்களை எண்ணும்போது, கட்டுதலாகிய பந்தத்தையே முதலில் வைக்கிறது.

இரக்கம் மிகுந்து நரிக்குச் சோறு வைப்போரும் உளர். அது வேண்டா. மனிதரிடம் அச்சம் நீங்கிய விலங்கு நாய்வாயிலும் தடிக்கும் அகப்படும். நான்கு தானங்களுள் நரிக்கு நாம் தரத்தக்கது அபயதானம் ஒன்றே. வீட்டு நாய்க்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவதும் அதில் அடங்கும். நாயின் நோய் நரிக்கும் பரவும். நரியோ நாயோ கடித்துவிட்டால் சோப்பிட்டு ஓடும் நீரில் நெடுநேரம் கழுவி, உடனே மருத்துவமனை செல்லவேண்டும்.

அடுத்த வீட்டாரின் கோழி என்ன ஆவது? நம் விரதத்திற்கு அவர் விலை கொடுப்பது முறையன்று. சென்ற ஆண்டு, குத்தகைக்காரர் வீட்டிலும் பக்கத்து வீட்டிலும் இரவில் அடைக்கக் கம்பிவலைக் கூண்டு செய்து தந்தோம். இம்மாசியில் அவர் மீண்டும் வந்து, அதே வரப்பில் குட்டிகளின் சத்தம் கேட்கிறது என்றார். பங்குனி முடியும்வரை அவ்வரப்பில் மண்வெட்டி வைக்கவேண்டா என்று கேட்டுக்கொண்டு, குத்தகையில் ஒரு மூட்டையைக் குறைத்துக்கொள்ள இசைந்தோம். “ஒரு மூட்டையா ஐயா, நரிக்கா?” என்று சிரித்துக்கொண்டே போனார்.