கேப்டன் என்று போடலாமா?

எங்கள் பக்கத்து விசிட்டிங் கார்டுகளைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு அதன் இலக்கணம் தெரியும். உச்சியில் குலதெய்வம் துணை, ஒரு மூலையில் பிள்ளையார், நடுவே சிவப்பில் நிறுவனத்தின் பெயர், அடியில் 'புரோ:' என்று தொடங்கி உரிமையாளர் பெயர், மூன்று செல் நம்பர். விசைத்தறி, நூல் புரோக்கர், சேகோ ஃபேக்டரி, கோழிப்பண்ணை, லாரி புக்கிங், போர்வெல் ரிக் என்று ராசிபுரத்திலிருந்து திருச்செங்கோடு வரைக்கும் இதே கதைதான். அழகில்லை என்று டிசைன் படித்தவர்கள் சிரிக்கலாம். ஆனால் இந்தக் கார்டு யாரையும் ஏமாற்றுவதில்லை. நூல் புரோக்கர் தன்னை நூல் புரோக்கர் என்றுதான் போட்டுக்கொள்கிறார். நூல் கவுண்ட் சரியில்லை என்றால் அடுத்த வாரமே அந்த நம்பருக்குக் கூப்பிட்டுத் திட்டலாம்.

இப்போது வெண்ணந்தூரில் ஒரு தறிக்காரர் வீட்டுப் பையன் விமானம் ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியார் ஆகிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். அப்படியொன்றும் ஆகாயக் கற்பனை இல்லை. சேலத்தைத் தாண்டி ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் விமான நிலையம் 1993-லேயே வந்துவிட்டது. பயணிகள் விமானம் வருவதும் நிற்பதுமாக இருந்து, 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியது. பறக்கும் பயிற்சிப் பள்ளிகளுக்கு விமான நிலைய ஆணையம் இடம் ஒதுக்கிய ஊர்களில் சேலமும் ஒன்று. ஆகவே அந்தப் பையனும் அவன் அப்பாவும் கார்டு அடிக்கக் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

"தம்பி, பேருக்கு முன்னால கேப்டன்னு போட்டுருங்க."

"நான் கேப்டன் இல்லீங்கப்பா. இன்ஸ்ட்ரக்டர்."

"ரெண்டும் ஒண்ணுதானே கண்ணு? ஏரோப்ளேன் ஓட்டறவன்தானே நீ?"

அப்பா சொல்வது பொய்யா? இங்கேதான் எனக்குக் கேள்வி பிடிக்க ஆரம்பிக்கிறது. பயிற்சி விமானத்தில் வாத்தியாரும் மாணவனும் அருகருகே உட்கார்ந்திருக்கும்போது, சட்டப்படி அந்த விமானத்துக்குப் பொறுப்பு விமானி வாத்தியார்தான். செஸ்னா 172 ஆனாலும் அதற்கு அவன்தான் தலைவன். பயிற்சிப் பள்ளிகளில் வாத்தியாரைக் கேப்டன் என்று கூப்பிடுவதும் வழக்கம். ஆக அந்தச் சொல் பொய் இல்லை. ஆனால் கார்டை வாங்கிப் பார்க்கும் மல்லசமுத்திரத்துக்காரர் மனதில் என்ன ஓடும்? நூற்றெண்பது பேரை ஏற்றிக்கொண்டு சென்னைக்கும் துபாய்க்கும் போகிற பெரிய விமானமும், தோளில் நான்கு பட்டையும்தான். சொல் உண்மை, கேட்பவனுக்குள் உண்டாவது பொய். இந்த இடைவெளிக்கு யார் பொறுப்பு?

பொய்யைப் பற்றி மிகக் கறாராகப் பேசிய தத்துவவாதி இமானுவேல் காண்ட். கொலைகாரன் வாசலில் வந்து கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797-ல் கட்டுரை எழுதியவர். அவரே ஒரு வேலை செய்தார். மதம் பற்றி இனி எழுதக்கூடாது என்று பிரஷ்ய மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் வில்லியம் மிரட்டியபோது, 'மாட்சிமை தாங்கிய தங்களின் விசுவாசமுள்ள குடிமகனாக' எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தார். மன்னர் செத்ததும் மறுபடி எழுதத் தொடங்கினார். அந்த மன்னருக்கு நான் இப்போது குடிமகன் இல்லையே, அதற்காகத்தான் அந்தச் சொற்களை அப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று அவரே பிறகு அச்சில் சொன்னார். கெட்டிக்காரத்தனம்தான். மிரட்டுகிற ராஜாவிடம் இந்தக் கெட்டிக்காரத்தனத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் நம்மை நம்பி வருகிறவனிடம் அதையே காட்டினால்?

வள்ளுவர் வேறு பக்கமாக வருகிறார். வாய்மை அதிகாரத்தில் அவர் அளவுகோல் சொல்லுக்கும் நடப்புக்கும் உள்ள பொருத்தம் இல்லை. அந்தச் சொல்லால் யாருக்காவது தீங்கு வருகிறதா என்பதுதான். அந்த அளவுகோலை எடுத்துக்கொண்டால், கல்யாணப் பத்திரிகையில் போடும் கேப்டன் வேறு, தொழில் கார்டில் போடும் கேப்டன் வேறு. பத்திரிகையில் போட்டால் மாமனார் வீட்டில் கொஞ்சம் பெருமை. யாருக்கும் நட்டமில்லை (பெண் வீட்டார் வேறு மாதிரி நினைக்கலாம், அது தனிக் கட்டுரை). தொழில் கார்டு, பிள்ளையைப் பைலட் ஆக்க நினைக்கிற இன்னொரு அப்பாவின் கைக்குப் போகிறது. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணிநேரம் பறந்திருக்க வேண்டும். அதற்குப் பல லட்சம் செலவாகும். நிலத்தை விற்றோ, தறிக்கூடத்தை அடகு வைத்தோ அந்தப் பணத்தைக் கொண்டுவருவார். அவர் நம்புவது அந்தக் கார்டில் இருக்கிற ஒரு வார்த்தையை.

பட்டப்பெயர் மோகம் என்று இதைச் சிரித்து ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி இருந்த காலம் ஒன்று உண்டு. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு அதை எடுத்துவிடச் சொல்லித் தீர்மானம் போட்டது. மெல்ல மெல்ல அது உதிர்ந்தது. காலியான இடத்தில் பி.ஏ., பி.இ. என்று படிப்பு வந்து உட்கார்ந்தது. முதல் தலைமுறையாகப் படித்தவன் வீட்டு வாசலில் பெயரைவிட நீளமாகப் பட்டத்தை எழுதி வைத்ததைப் பார்த்து நகரத்துக்காரர்கள் கேலி செய்தார்கள். பிறப்பால் வந்த வாலை அறுத்துவிட்டு உழைப்பால் வந்ததை ஒட்டிக்கொண்டவனைக் கேலி செய்வது சுலபம். அந்த அப்பா கேப்டன் என்று போடச் சொல்வதிலும் இந்த வரலாறு இருக்கிறது. முப்பது வருஷம் தறிச் சத்தத்தில் காது மந்தமான ஒருவர், தன் மகன் பெயருக்கு முன்னால் ஊரே நிமிர்ந்து பார்க்கிற ஒரு சொல் வேண்டும் என்கிறார்.

அந்தச் சொல் கேப்டனாகப் போனதுதான் சிக்கல். தமிழ்நாட்டில் கேப்டன் என்றால் முதலில் விஜயகாந்த். 1991-ல் வந்த 'கேப்டன் பிரபாகரன்' படத்தோடு ஒட்டிக்கொண்டது. அடுத்து கேப்டன் கோபிநாத். ஏர் டெக்கான் தொடங்கியவர், 'சூரரைப் போற்று' படத்துக்கு மூலம். அவருடைய கேப்டன் இந்திய ராணுவத்தில் பெற்ற பதவி. விமான நிறுவனத்தில் பெற்றதல்ல. ஒரே சொல் சினிமா, ராணுவம், விமானம் என்று மூன்று தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. முதல் ஆளுக்கு ஜனங்கள் கொடுத்தது, இரண்டாமவருக்கு ராணுவம் கொடுத்தது. இரண்டுமே பிறர் கொடுத்தவை என்பதைக் கவனிக்கவேண்டும்.

மற்றத் தொழில்கள் இதைப் பற்றி யோசித்திருக்கின்றன. வழக்கறிஞரின் பெயர்ப் பலகையும் லெட்டர்பேடும் எப்படி இருக்கவேண்டும் என்று பார் கவுன்சிலுக்கு விதி உண்டு. முன்பு நீதிபதியாக இருந்தவர் என்பது உண்மையாகவே இருந்தாலும், அதை அங்கே காட்டிக்கொள்ளக்கூடாது. மருத்துவர் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவப் பட்டங்களை மட்டுமே பெயருக்குப் பின்னால் போடலாம் என்கிறது 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை. பத்ம விருதுகளை யாரும் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ போட்டுக்கொள்ளக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொன்னது. நடிகர்கள் பலர் காதில் அது இன்னும் விழவில்லை. இவற்றில் எனக்குப் பிடித்தது வழக்கறிஞர் விதிதான். உண்மையான தகவல்கூட, தப்பான நம்பிக்கையை விற்கப் பயன்பட்டால், கார்டில் அதற்கு இடமில்லை என்கிறது அது.

விமான வாத்தியாருக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும் என்று நினைக்கிறேன். அவன் தொழிலின் உச்சம் எது? மாணவனுக்குக் கற்றுக்கொடுத்து, ரன்வேயைச் சுற்றிச் சுற்றி இறக்கிக் காட்டி, ஒருநாள் காலையில் இன்ஜினை நிறுத்தாமலேயே கதவைத் திறந்து இறங்கிக்கொண்டு, "நீயே ஒரு சுத்து போய்ட்டு வா" என்று சொல்வது. முதல் சோலோ. அந்த நிமிஷம் வாத்தியார் ஒரு மனிதனைப் பற்றிச் சாட்சி சொல்கிறார்: இவன் தயார். இவ்வளவு கனமான சாட்சி என்பதால்தான், உதவிப் பயிற்றுநர் தகுதி மட்டும் உள்ளவர் முதல் சோலோவுக்கு அனுமதி கொடுக்க முடியாது. முழுப் பயிற்றுநர்தான் கொடுக்கவேண்டும். அந்த ஒரு படி வித்தியாசம் வெளியே யாருக்கும் தெரியாது. கார்டில் 'உதவி' என்ற மூன்றெழுத்தை விட்டுவிட்டால் எவனும் கேட்கப்போவதில்லை. ஆனால் மாணவன் லாக்புக்கில் தினமும் கையெழுத்துப் போடுகிற கை அது.

விமானிகளிடம் பழைய கேலி ஒன்று உண்டு, பி-51 மணிநேரம் என்று. பி-51 இரண்டாம் உலகப் போரின் பேர்பெற்ற சண்டை விமானம். பார்க்கர் 51 ஒரு பேனா. பறக்காமலேயே பேனாவால் லாக்புக்கில் ஏற்றிய மணிநேரத்தைத்தான் அப்படிச் சொல்வார்கள். நம் நாட்டிலும் 2011-ல் போலி மதிப்பெண் சான்று கொடுத்து உரிமம் பெற்றதாகச் சில விமானிகள் கைதானார்கள். கார்டில் கேப்டன் போடுகிறவனை அவர்களோடு சேர்ப்பது அநியாயம்தான். ஆனாலும் தன்னைப் பற்றி எழுதும்போது பேனா கொஞ்சம் முந்திக்கொள்வது இரண்டு இடத்திலும் இருக்கிறது.

எனவே நான் அந்தப் பையன் பக்கம். பிறர் அவனைக் கேப்டன் என்று கூப்பிட்டால் கூப்பிடட்டும், அவன் அச்சடிக்க வேண்டாம். போயிங் படம் வேண்டாம். செஸ்னா படம் போடலாம், சின்னதுதான், அழகாக இருக்கும். 'இத்தனை ஆயிரம் மணிநேர அனுபவம்' வேண்டாம். அந்த எண்ணில் பெரும்பாதி ஒரே ரன்வேயைச் சுற்றியது என்று கார்டு சொல்லாது. குலதெய்வம் துணை இருக்கட்டும். அப்பா பெயரின் இனிஷியலைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடலாம், அவருக்கும் ஒரு பங்கு வேண்டுமே.

ஒரு விஷயம் மட்டும் பாக்கி. ஆஃப்செட்டில் அடித்தால் பிளேட் செலவு இருக்கிறது, அதனால் ஆயிரம் கார்டு அடித்தால்தான் கட்டுப்படியாகும். ஆயிரம் கார்டு தீர வருஷங்கள் ஆகும் என்பதால், அதற்குள் தான் என்னவாக ஆகப்போகிறோமோ அதை இப்போதே அச்சில் ஏற்றிவிட மனசு அடித்துக்கொள்ளும். உதவிப் பயிற்றுநர் அடுத்த வருஷமே முழுப் பயிற்றுநர் ஆகலாம், எதற்கு வீண் செலவு என்று கடைக்காரரும் எடுத்துக்கொடுப்பார். டிஜிட்டலில் நூறு கார்டு போதும். ஒரு கார்டுக்கு விலை கூடத்தான் வரும். முந்நூறு ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு, மேட் லேமினேஷன், 'உதவிப் பயிற்றுநர்' என்று தெளிவாக. முழுத் தகுதி கையில் வந்த அன்றைக்கு அடுத்த நூறு அடித்துக்கொள்ளலாம்.