தேரில் எது தேர்?

விலை குறைந்த மலைச் சைக்கிளில் முதலில் உயிரை விடுவது முன் ஃபோர்க்தான். கடையில் அமுக்கிக் காட்டும்போது மெத்தென்று இறங்கும். சில மாதம் கல்லும் மொரமுமான பாதையில் ஓட்டிப் பாருங்கள். பள்ளத்தில் இறங்கிய வேகத்திலேயே கையைத் திருப்பி உதைக்கும். உள்ளே இருப்பது ஒரு சுருள்வில், ஒரு ரப்பர் துண்டு, கொஞ்சம் கிரீஸ். வில்லின் துள்ளலை அடக்க எண்ணெயும் வால்வும் வேண்டும். வைத்தால் விலை ஏறும் என்பதால் பெரும்பாலும் வைப்பதில்லை. நான் புனேக்குப் பக்கத்துச் சாக்கனில் மோட்டார்சைக்கிள் ஃபோர்க் செய்யும் ஆலையொன்றில் தரப் பரிசோதனையில் இருக்கிறேன். வாரமெல்லாம் குரோம் குழாய்களில் கீறல் தேடுகிறவன், ஞாயிற்றுக்கிழமை இப்படிப்பட்ட சைக்கிள் ஒன்றின்மேல் கோராடேஷ்வர் மலைப்பக்கம் போய் மணிக்கட்டு வலியோடு திரும்புவது தொழிலுக்கே இழுக்கு.

நிக்டியில் வாடிக்கையாகப் போகும் மெக்கானிக்கிடம், காற்று ஃபோர்க் ஒன்று மாட்ட வேண்டும் என்றேன். சைக்கிள் விலையில் பாதிக்கு மேல் பிடிக்கும். மராத்தி கலந்த இந்தியில் அவன் சொன்னது இது: "காகா, டயர் மாத்தியாச்சு, செயின் மாத்தியாச்சு, பின்சக்கரமும் நான்தான் கட்டிக் கொடுத்தேன். இப்போ ஃபோர்க்கும் போச்சுன்னா எதை உங்க பழைய சைக்கிள்னு சொல்லுவீங்க? புதுசாவே ஒண்ணு எடுத்துடுங்க." வியாபாரப் பேச்சுதான். ஆனால் கேள்விக்கு வயது ஈராயிரத்துக்கும் மேல்.

கி.மு. 2ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவை ஆண்ட கிரேக்க அரசன் மெனாண்டரைப் பாலி நூல்கள் மிலிந்தன் என்கின்றன. அவனுக்கும் நாகசேனர் என்னும் பிக்குவுக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடல்தான் மிலிந்த பன்ஹா. நடந்து வந்தாயா, தேரில் வந்தாயா என்று பிக்கு கேட்கிறார். தேரில்தான் என்கிறான் அரசன். ஏர்க்காலா தேர்? அச்சா? சக்கரமா, நுகமா, கடிவாளமா? எதுவும் இல்லை. இவற்றுக்கு வெளியே தனியாக ஒரு தேர் உண்டா? அதுவும் இல்லை. இத்தனையும் சேர்ந்திருப்பதைச் சார்ந்து வழங்கும் பெயர்தான் தேர் என்று அரசன் ஒப்புக்கொள்கிறான். நாகசேனன் என்பதும் அப்படித்தான் என்று பிடியை இறுக்குகிறார் பிக்கு. உள்ளே நிலையான 'நான்' எவனும் இல்லை.

புனேயிலிருந்து லோனாவாலா லோக்கலில் ஏறி மலவ்லியில் இறங்கினால் பாஜா குகைகள் நடக்கிற தூரம். ஏறக்குறைய மெனாண்டரின் காலத்தவை. அங்கே ஒரு விகாரத்தில் குதிரைகள் பூட்டிய தேர் ஒன்று செதுக்கப்பட்டிருக்கிறது. வருவது சூரியன் என்று பலர் சொல்கிறார்கள், மறுப்பவர்களும் உண்டு. யாராயிருந்தால் என்ன, தேர் வெறும் பெயர் என்று சாதித்த மரபின் துறவிகள் படுத்து எழுந்த இடத்தில் இவ்வளவு அழகான தேர்.

நாகசேனர் தேரைக் கழற்றி மாட்டியவர் இல்லை என்று எனக்கு ஒரு சந்தேகம். கழற்றுவது சுலபம். மேல்மூடியைத் திருகி எடுத்து, ஸ்டெம் போல்ட்டைத் தளர்த்தி, சுத்தியலால் பதமாக ஒரு தட்டு தட்டினால் பழைய ஃபோர்க் கையோடு வந்துவிடும். புதியதை மாட்டும்போதுதான் வண்டி பேச ஆரம்பிக்கும். என் பிரேமின் கழுத்தில் 28.6 மில்லிமீட்டர் நேர்க்குழாய்தான் நுழையும்; இப்போது வரும் நல்ல ஃபோர்க்குகளில் பல, அடிப்பக்கம் பருத்தவை. என் முன்சக்கரம் 9 மில்லிமீட்டர் குவிக் ரிலீஸ்; உயர்ந்த ரக ஃபோர்க் 15 மில்லிமீட்டர் அச்சு கேட்கும், அதற்கு ஹப்பையே மாற்ற வேண்டும். பிரேக் காலிப்பர் உட்காரும் இடம் ஒத்துப்போக வேண்டும்.

இவையெல்லாம் ஒத்துப்போனாலும் நீளம் இருக்கிறது. 80 மில்லிமீட்டர் இறங்கும் ஃபோர்க்கை எடுத்துவிட்டு 100 வைத்தால் முன்பக்கம் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்து, கழுத்தின் சாய்வு சுமார் ஒரு டிகிரி படுக்கும். ஹேண்டில்பார் மேலே வரும், பெடல் அச்சும் கொஞ்சம் தூக்கும். செங்குத்து ஏற்றத்தில் முன்சக்கரம் இங்குமங்கும் அலையும். இறக்கத்தில் வண்டி முன்னைவிட நிதானமாக நிற்கும். நான் தொட்டது முன்பக்கத்தை மட்டும், ஆனால் நான் உட்காரும் விதம் வரை எல்லாமே மாறிவிட்டது. சரி, 150 வைத்தால்? மாட்டலாம்தான். அந்த நெம்புவிசைக்குப் பிரேம் கட்டப்படவில்லை. கழுத்து வெல்டில் விரிசல் விட்டால் பல் போகும். மெக்கானிக் 120இல் ஒன்றைக் காட்டி ஆசை மூட்டினான். 100க்கு மேல் வேண்டாம் என்றேன்.

தேர் என்பது வழக்குப் பெயர் மட்டும்தான் என்றால் எந்த ஃபோர்க்கை வேண்டுமானாலும் மாட்டிவிட்டு அதே பெயரைச் சொல்லிக்கொண்டு போகலாம். வண்டி அதற்கு இடம் கொடுப்பதில்லை. இதைக் கவனித்தவர்கள் வைசேடிகர்கள். மணிமேகலை வஞ்சி நகரில் வரிசையாகச் சமயவாதிகளைக் கேட்டுக்கொண்டு போகிறாளே, அதில் ஒருவன் வைசேடிகன். பாகங்களில் தங்கியிருந்தாலும் முழுப்பொருள் பாகங்களின் கூட்டுத்தொகை அல்ல, அது தனியே ஒரு பொருள் என்பது அவர்கள் கட்சி. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பாகம் மாறினாலும் பழைய முழுப்பொருள் அழிந்து புதியது பிறக்கிறது என்பது வரை போய்விட்டார்கள். அந்தக் கணக்கில் பஞ்சர் ஒட்டுகிறவன் பிரம்மா.

பாஜாவுக்கு எதிர்ப்பக்க மலையில் கார்லா. இந்தியாவில் குடைந்த சைத்தியங்களிலேயே பெரியவற்றுள் ஒன்று. வாசலில் ஏக்வீரா தேவிக்கு ஆடும் கோழியுமாகக் கூட்டம். உள்ளே தூண் வரிசை. தூண்களில் பிராமி எழுத்தில், இது இன்னார் கொடுத்த தூண் என்று வெட்டியிருக்கிறது. கொடுத்தவர்களில் தேனுகாகடத்து யவனர்களும் உண்டு. மிலிந்தனின் இனத்தார் என்று வைத்துக்கொள்ளலாம். என்ன வேடிக்கை என்றால், அந்த மண்டபத்தில் தூண் என்று தனியாக ஒரு பாகமே கிடையாது. மொத்தமும் ஒரே பாறை. வேண்டாததைக் கொத்தி எடுத்தபின் மிஞ்சியதுதான் தூண். கழற்றவும் முடியாது, மாற்றவும் முடியாது. அதையும் பங்கு போட்டுத் தானம் செய்து பெயர் பொறித்திருக்கிறார்கள். பாகம் என்பதே நாம் பேர் வைத்துப் பிரிப்பதுதான் என்று நாகசேனர் சார்பில் வாதாட அங்கே நல்ல சாட்சி இருக்கிறது. ஆனால் விட்டத்தைப் பாருங்கள். மர வளைவுகள், அந்தக் காலத்து மரமே. பாறைக்கு எதற்குத் தாங்குமரம்? மரத்தால் கட்டிய மண்டபத்தைப் போலவே இருக்க வேண்டும் என்று வேலைசெய்தவர்கள் நினைத்திருக்கிறார்கள். பாகங்களுக்கு முன்னால் முழு உருவம் அவர்கள் மனதில் இருந்திருக்கிறது.

பாகம் மாறுவது வண்டிக்கு மட்டுமல்ல. அம்மாவுக்கு முழங்கால் மாற்றினோம். உலோகமும் பிளாஸ்டிக்கும் வைத்த மூட்டு. தையல் பிரிப்பதற்குள்ளேயே, "என் முட்டி இப்போ தேவலை" என்றாள். இது பழைய அம்மாவா என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை. சைவ சித்தாந்தியான மெய்கண்டார் சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரத்தில் உடலை மாயையால் ஆன எந்திரம் என்கிறார். ஆன்மா அதற்கு வேறாக உண்டு என்பதற்கு அவர் அடுக்கும் காரணங்களில் ஒன்று, என் உடல் என்று நாம் சொல்வது. உடைமை வேறு, உடையவன் வேறு. எதிர்க்கட்சிக்கு எளிய பதில் உண்டு. என் உயிர் என்றும்தானே சொல்கிறோம், அப்போது உயிருக்கும் வேறாக ஒருவனா? இந்த இடத்தில் சித்தாந்தி கொஞ்சம் தடுமாறுகிறார் என்பேன். ஆனாலும் அவர் காட்டுவதை நாகசேனரின் தேர் காட்டுவதில்லை. தேர் தன்னைப் பற்றி எதுவும் சொல்லாது. அம்மா சொன்னாள்.

கழற்றிய ஃபோர்க்கை மெக்கானிக் வீசவில்லை. கிரீஸ் மாற்றி, சாப்பாடு டெலிவரி செய்யும் ஒரு பையனின் சைக்கிளில் மாட்டிவிட்டான். ஒரு துண்டு போனதால் என் சைக்கிளில் பாதி இப்போது பிம்ப்ரியில் ஓடுகிறது என்று நான் நினைக்கவில்லை, அந்தப் பையனும் நினைக்கமாட்டான்.

ஆகவே என் கட்சி இரண்டாகப் பிளந்துதான் நிற்கிறது. சைக்கிளுக்குள் ஒளிந்திருக்கும் சைக்கிள் எதுவும் இல்லை. அதில் பிக்கு சொல்வது சரி. ஆனால் அது வெறும் பெயரும் இல்லை. 28.6, 9, 100 என்ற அளவுகள் ஒன்றுக்கொன்று ஒத்துக்கொள்ளும் வரைதான் அது வண்டி. ஆளைப் பொறுத்தவரை மெய்கண்டார் பக்கம் சாய்கிறேன், முழுத் திருப்தியோடு அல்ல.

போலீஸுக்கு இந்த வம்பு எதுவும் இல்லை. சைக்கிள் திருடு போனால் அவர்கள் கேட்பது பிரேம் எண்ணைத்தான். பெரும்பாலும் பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருக்கும். வண்டியைக் கவிழ்த்துப் பார்த்து இன்றே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.